மணி ஓசை

எங்கள் வீட்டு நாய் இதுவரை தோற்றதே இல்லை. காலையில் பால்காரர் வருகிறார், குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். மதியம் தபால்காரர், சாயங்காலம் கூரியர் பையன். எல்லாரும் தன் குரலுக்கு அஞ்சி ஓடினார்கள் என்பது அதன் கணக்கு. வந்த வேலை முடிந்ததால் போனார்கள் என்று யார் அதற்குச் சொல்வது? (இதே கணக்கில் பிழைக்கும் மனிதர்களை இங்கே இழுக்க வேண்டாம்.)

குரைப்பை நிறுத்தும் பயிற்சி சுலபம் என்றார்கள். மணி அடிக்க வேண்டும். நாய் வாயை மூடியதும் பிஸ்கட் தர வேண்டும். ஒரு வாரம் மனைவி வெளியே நின்று மணி அடித்தாள். நான் உள்ளே பாக்கெட்டும் கையுமாக. நாய் பாடத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டது: வாயை மூடினால்தான் பிஸ்கட், மூட வேண்டுமானால் முதலில் திறந்தாக வேண்டும். இப்போது காற்றுக்குக் கதவு அசைந்தாலும் நாலு குரைப்பு, பிறகு மௌனம், பிறகு என் கையை ஒரு பார்வை. மணியோசைக்கு நாயின் வாயில் எச்சில் ஊற வைத்தவர் என்று பாவ்லோவைச் சொல்வார்கள். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்னவோ செரிமான ஆராய்ச்சிக்குத்தான். எங்கள் வீட்டில் மணி அடித்தால் பிஸ்கட் பாக்கெட்டைத் தேடி ஓடுவது நான்.

2005இல் அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. தபால்காரரைக் கண்டால் விடாத ஜாதிக்கு அந்தத் துறையே செய்த மரியாதை! எங்களுடையது தெருவில் எடுத்தது, தபால்தலைக்கு வாய்ப்பில்லை.

நேற்று எவனோ வாசலில் இருந்த என் புதுச் செருப்பைக் கொண்டுபோய்விட்டான். நாய் பக்கத்திலேயே படுத்திருந்தது. அவன் மணி அடிக்கவில்லையாம்.