பல்லால் வந்த பார்வை

கேள்வி: கண்புரை ஆபரேஷன் என்றாலே எனக்குப் பல் தந்தியடிக்கிறது. கண்ணுக்கும் பல்லுக்கும் அப்படி என்ன சம்பந்தம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறைய! இன்றைய கண்புரை சிகிச்சைக்கான யோசனையே பல் டாக்டரின் நாற்காலியில்தான் பிறந்தது. நியூயார்க் கண் டாக்டர் சார்லஸ் கெல்மன் பல் சுத்தம் செய்துகொள்ளப் போனார். அல்ட்ராசவுண்ட் அதிர்வு பல் காறையை உதிர்ப்பதைக் கண்டார். புரையையும் இப்படியே உடைத்து உறிஞ்சலாமே என்று தோன்றியது. 1967-இல் செய்தும் காட்டினார். அதுவரை பெரிய வெட்டு, தையல், பல நாள் படுக்கை. இப்போது சுமார் 3 மில்லிமீட்டர் துளை, பெரும்பாலும் தையலே கிடையாது. அன்றைக்கே வீடு திரும்பலாம்.

‘புரை முற்றட்டும்’ என்று மட்டும் காத்திருக்காதீர்கள். முற்ற முற்ற அது இறுகும், உடைப்பதும் கடினமாகும். பார்வை மங்கினால் உடனே கண் டாக்டரைப் பாருங்கள்.