ஒரு வாரத்து ஜெர்மானியர்

நத்தம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஜெர்மனியைப் பற்றி விவரம் தெரியாத ஆள் இப்போது குறைவு. தெருவுக்கு ஒரு இன்ஜினியர் என்று இருந்த காலம் போய், ஊருக்கு நாலு ஜெர்மனித் தம்பிகள் என்று ஆகிவிட்டது. பெயர்தான் வேறு வேறு; ஆள் ஒருவரே. விமானத்தை விட்டு இறங்கிய ஒரே வாரத்தில் ஐரோப்பாக் கண்டத்தையே கரைத்துக் குடித்துவிட்டவர்.

இவரைப் புரிந்துகொள்ள, முதலில் பிளாக்டு அக்கவுண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆனால் விசா கேட்டால், ஒரு வருடத்துக்கான சாப்பாடு, வாடகைச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டச் சொல்வார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. நம்ம காசுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம். அப்பா மாந்தோப்புப் பத்திரத்தை அடகு வைத்துக் கட்டிய பணம், மாதம் 992 யூரோவாகத் தம்பி கைக்கு வந்து சேரும். தம்பி இதைத் தெளிவாகத்தான் சொன்னார். டீக்கடைக்குப் போகிற வழியில் பாதி உதிர்ந்துவிட்டது. “படிக்கிறதுக்கு அந்த கவர்மெண்டே மாசம் லட்ச ரூவா குடுக்குதுப்பா” என்றார் அப்பா. கடையில் யாரும் மறுக்கவில்லை. பிறகு கேள்விப்பட்ட தம்பியும் மறுக்கவில்லை.

தம்பி போய்ச் சேர்ந்த ஊர் கெம்னிட்ஸ், சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி அறைக்குள் நுழைந்து, ஞாயிறு காலை கடைக்குப் புறப்பட்டார். ஊரே பூட்டிக் கிடந்தது. யாரோ பெரிய தலைவர் காலமாகிவிட்டார் என்றுதான் நினைத்தாராம். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பது சட்டம். ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க் மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைப் பிரித்தபடி போனில் விஷயத்தைச் சொன்னார். அம்மாவுக்கு ஜெர்மனி மேல் இருந்த மரியாதை அந்த நிமிடமே போயிற்று. “ஞாயித்துக்கெழமை கறி எடுக்க முடியலன்னா அது என்ன ஊரு சாமி?”

கட்சிக்காரரான பெரியப்பாவுக்கு மட்டும் கெம்னிட்ஸ் புண்ணிய ஸ்தலம். 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்கு கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். (மார்க்ஸ் அங்கே குடியிருந்ததே இல்லை என்பது வேறு விஷயம். நம்ம ஊரில் பெயர் வைக்கும்போது மட்டும் இதையெல்லாமா பார்க்கிறோம்?) 1971இல் வைத்த ஏழு மீட்டர் உயர வெண்கல மார்க்ஸ் தலை இன்றும் நடுஊரில் இருக்கிறது. தம்பி அதற்குமுன் நின்று செல்ஃபி அனுப்பினார். பெரியப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்தும் பார்த்தார்.

“ஒடம்பு எங்கடா?”

“தலை மட்டுந்தான் பெரியப்பா.”

“ஏன், நிதி பத்தலையா?”

தலைக்குப் பின்னால் உள்ள கட்டடத்துச் சுவரில், உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்று நாலு மொழியில் எழுதியிருக்கிறது: ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன். தமிழ் இல்லாததைப் பற்றிப் பெரியப்பா யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

தம்பியின் உண்மையான ஐரோப்பா சூப்பர் மார்க்கெட்டுக்குள் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்குவார். முடிவெட்ட இத்தனை, பன்னுக்கு இத்தனை என்று அன்றாடம் ஒரு விலைப்பட்டியல் வாய்ஸ் மெசேஜாக ஊருக்கு வரும். ஒருநாள் மாம்பழத் தட்டு கண்ணில் பட்டது. ஒவ்வொரு பழத்திலும் ஸ்டிக்கர்; பிறந்த ஊர் பிரேசில்; ஒரு பழம் இரண்டு யூரோ. தம்பி பழத்தைக் கையில் எடுத்தார், காம்புப் பக்கம் முகர்ந்தார், ஒரு வாசமும் வராமல் திருப்பி வைத்தார், அப்பாவுக்கு வீடியோ கால் போட்டார். நத்தத்துத் தோப்பில் கல்லாமை மாங்காய் விலை இறங்கினால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டுவிடுகிற மனுஷன் அப்பா. திரையில் தெரிந்த பழத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “ஒத்தப் பழம் எரநூறா? ஏன்டா, அங்கிட்டு ஒரு லோடு ஏத்தி விட்டா எறக்கிக்கிருவியா?” என்றார்.

காலி பாட்டில் விவகாரம் இதைவிடப் பெரிதாகப் போனது. குடித்த பிளாஸ்டிக் பாட்டிலை இயந்திரத்தின் வாயில் கொடுத்தால் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். 2003இலிருந்து அங்கே இதுதான் நடைமுறை. இருபத்தைந்து ரூபாய் என்றதும் டீக்கடையில் சலசலப்பு. நீலகிரியில் 2022இல் தொடங்கிய டாஸ்மாக் பாட்டில் திட்டத்தில் பத்து ரூபாய்தானே என்று ஒருவர் கணக்குப் போட்டார். உழைக்கிறவர்களுக்கு அங்கேதான் மரியாதை என்று முடிவாயிற்று.

குறை சொல்வதிலும் தம்பி சீக்கிரம் தேறிவிட்டார். “ஜெர்மன்காரன்னா டயத்துக்கு வருவான்னு பேரு. ரயிலு இருபது நிமிஷம் லேட்டுப்பா” என்று ஒருநாள் பொங்கினார். ரயில் தண்டவாளமே பார்க்காத ஊர் நத்தம். அப்பா அமைதியாக, “வந்துச்சுல்ல?” என்றார். கூடவே, மதுரையில் நம்ம நத்தம் ரோட்டுக்கு மேலே 7.3 கிலோமீட்டருக்குப் பாலம் போட்டிருப்பதையும் நினைவுபடுத்தினார்.

சட்டை தைப்பதில் பேர் வாங்கிய ஊர்க்காரர் என்பதால், தம்பி பெட்டி நிறைய உள்ளூர் ரெடிமேட் சட்டைகளோடுதான் போனார். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிக் குளிர் இறங்கியதும், எல்லாவற்றையும் ஒரே கறுப்பு ஜாக்கெட் மூடிவிட்டது. மார்ச் வரை எல்லாப் படத்திலும் அதே ஜாக்கெட். வேறு துணி வாங்கக் காசில்லையோ என்று அம்மா அழுதுவிட்டார். மாதம் லட்ச ரூபாய்ச் செய்தியை ஊரில் முதன்முதலாகச் சந்தேகப்பட்டவர் அவர்தான்.

இப்போது தம்பிக்கு அங்கே ஒரு வருடம் முடிந்துவிட்டது. நடுராத்திரி, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை என்றாலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறார். குப்பையை நாலாகப் பிரிக்கிறார். ஊரிலிருந்து விவரம் கேட்கும் பிள்ளைகளுக்கு விசாவுக்குக் கேட்கிற ஏபிஎஸ் சான்றிதழிலிருந்து அரிசி மூட்டை கிடைக்கும் கடைவரை போனில் வகுப்பெடுக்கிறார். போன வாரம் அப்படி ஒரு வகுப்பு டிராமில் நடந்தது. “புதுசா வர்ற நம்ம பசங்களுக்கு டீசன்சியே இல்ல மாப்ள. டிராம்ல ஏறுனா ஊருக்கே கேக்குற மாதிரி போன் பேசுறாய்ங்க. ஹலோ? ஹலோ? கேக்குதா? இரு, சத்தமாப் பேசுறேன்…”