கந்தக பூமியில் கிழங்குப் பூக்கள்: ஒரு முன்னோடி ஆய்வு

வசந்த காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு ஊன்றிப் பூப்பார்ப்பது எப்படி என்று மேலை நாட்டார் அலமாரி அலமாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்த வரலாற்றுப் பிழையைத் திருத்துவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம், திருத்தங்கலுக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட மொட்டை மாடிகளும் விளிம்பு உடைந்த சிமெண்டுத் தொட்டிகளும். நிதியுதவி யாரும் தரவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

முதல் சிக்கல் வசந்தம்தான். மேலை நூல்கள் பனி உருகும் நாளிலிருந்து அதைக் கணக்கிடுகின்றன. இங்கே உருகக்கூடியது தார் ரோடு ஒன்றே. ஆண்டை ஆறு பருவமாக வகுத்த நம் பெரியோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றார்கள். மே முதல் வாரம் பிறந்து மாதக் கடைசிவரை நின்று காயும் அக்கினி நட்சத்திரம் முழுக்க முழுக்க இந்த இளவேனிலுக்குள்தான் விழுகிறது. ஆகவே நம் மாவட்டத்து வசந்தம் என்பது சுமார் 40 டிகிரி செல்சியஸ் எனக் கொள்ள மரபின் ஆதரவு உண்டு. மறுப்பவர்கள் பகல் ஒரு மணிக்கு மாடியில் செருப்பில்லாமல் நின்று மறுக்கட்டும்.

இனி, கிழங்குப் பூக்களின் சக்கரவர்த்தி எனப்படும் டியூலிப். பூப்பதற்கு முன் இக்கிழங்கு 12 முதல் 16 வாரம் வரை நல்ல குளிரில் கிடந்தாக வேண்டும். ஸ்ரீநகரில், தால் ஏரிக்கு அருகே உள்ள தோட்டத்தில் அது மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பூக்கிறது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று பூக்கிறது. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும் நாள் அதுதான். பின்னால் ஒரு காற்றாலை, முன்னால் வரிசை வரிசையாக டியூலிப், அடியில் நகைக்கடைப் பெயர் அச்சிட விட்ட வெற்றிடம். நான்கு வண்ண ஆஃப்செட்டில் விளையும் இவ்வகைக்கு மண்ணும் வேண்டாம், உரமும் வேண்டாம். டிசம்பர் 31 வரை வாடுவதும் இல்லை. மண்ணில் விளைந்த டியூலிப் இப்பகுதியில் முன்பு இருந்ததா என்பதையும் பார்த்துவிட வேண்டும் அல்லவா? 2022இல் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையல் கிடைத்தது, பாசிமணி கிடைத்தது, சுடுமண் பொம்மை கிடைத்தது. டியூலிப் கிழங்கு கிடைத்ததாக அறிவிப்பு இல்லை.

கிழங்கை இணையத்தில் வரவழைத்து ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரூட்டும் பள்ளி ஒன்று அண்மைக்காலத்தில் தோன்றியிருக்கிறது. அதற்குத் தடைகள் இரண்டு. பழங்கள் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும் என்பதால் ஆப்பிளை வெளியேற்ற வேண்டும். இரண்டாவது தடை, வீட்டார். மாவுச் சட்டிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் நடுவில் மூன்று மாதம் ஒரு பொருள் சும்மா கிடப்பதை எந்த வீடும் பொறுக்காது. பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏன் தம்பி, வெங்காயத்தப் போயி யாராச்சும் ஃபிரிட்ஜுல வைப்பாகளா? முளைச்சிரும்ல?” என்று கேட்டார். முளைக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறது என்ற விளக்கம் அவையில் எடுபடவில்லை. சாம்பாரில் சேர்ந்துவிடும் அபாயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 1637 பிப்ரவரி வரை ஹாலந்தில் அரிய வகை டியூலிப் கிழங்கு ஒன்றுக்கு ஒரு வீட்டின் விலை சொன்னார்கள். அதே நாட்டவர் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அதே கிழங்கை வேகவைத்துச் சாப்பிட்டார்கள். வீட்டை விற்று வாங்கியதன் ருசி எப்படி என்று மதினி கேட்டார். தரவு இல்லை.

சம்பங்கியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. மெக்சிகோவிலிருந்து வந்து நம்மூர் மாலையில் இடம் பிடித்துவிட்டது. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த பிரஜ்வல் ரகம் நன்றாகப் பூக்கும். கரிசலில் தண்ணீர் கட்டினால் அழுகும். மணல் கலந்தால் பிழைக்கும். பிழைக்கத் தெரிந்ததற்கு ஆய்வாளன் எதற்கு?

மழை லில்லியின் கதை வேறு. நீண்ட காய்ச்சலுக்குப் பின் சட்டென்று நனைந்தால், சில நாளில் கும்பலாகப் பூத்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் என்று வாழும் ஊரில், சித்திரைக் கோடை மழைக்கு இதுவே வருகைப் பதிவேடு. வெயிலில் காயப்போட்ட சரக்கை அள்ளிக்கொண்டு ஓடி, இடி மின்னலுக்குப் பட்டாசு ஆலைகள் வேலையை நிறுத்திய நாள் எது என்று தெரிய வேண்டுமா? பூத்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் போதும். குழாய்த் தண்ணீருக்கு இது ஏன் அவ்வளவாக அசைவதில்லை என்ற கேள்வி எழுந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று கிழங்குக்கும் உறுதியாகத் தெரியாததே காரணம் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஃபுட்பால் லில்லிதான் இந்த மண்ணுக்கென்றே பிறந்தது. பிறந்தது ஆப்பிரிக்காவில் என்பது சிறிய விவரம். ஆண்டில் பல மாதம் செத்ததுபோல் மண்ணுக்குள் கிடக்கும். ஏப்ரல், மே வெக்கையில் ஒரு தண்டு கிளம்பி, அதன் உச்சியில் 200 பூ வரை சேர்ந்து செக்கச்செவேலென்று உருண்டையாக விரியும். வாணம் வெடித்து, பொறி கீழே விழ மறந்துபோய் நின்றால் எப்படி இருக்கும், அப்படி. வாணத்தின் சிவப்புக்கு ஸ்டிரான்சியம் உப்பு வேண்டும். லில்லி ஆந்தோசயனினிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறது. நாக்பூரில் தலைமையிடம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் தேவையில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதியை இது மீறியதாகப் புகார் எதுவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். பிறகு இலை விட்டு, அடுத்த ஆண்டுச் சரக்கைக் கிழங்குக்குள் சேர்க்கத் தொடங்கும். தீபாவளி முடிந்த கையோடு அடுத்த தீபாவளிக்குத் திட்டம் போடும் ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆய்வை உண்மையிலேயே சங்கடப்படுத்தியது நரிவெங்காயம். தரிசிலும் பாறைக் காட்டிலும் தானாக வளர்வது. கடும் வெயிலில் ஒற்றை இலைகூட இல்லாமல் நெடுந்தண்டு நீட்டிப் பூப்பது. குளிரூட்ட வேண்டாம், நீர் ஊற்ற வேண்டாம், கிழங்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆடு மாட்டுக்கு ஆகாத, இதயத்தைத் தாக்கும் நஞ்சு ஆகையால் சாம்பார்ப் பிரச்சினை பன்மடங்கு முற்றும் என்பது ஒன்றே குறை. இளவேனில் கிழங்குப் பூ என்ற தகுதி முழுமையாக இதற்கே உரியது என்றும், தொட்டி ஒன்று ஒதுக்கப்பட வேண்டும் என்றும் வீட்டுக் குழுவிடம் முறைப்படி விண்ணப்பிக்கப்பட்டது. காட்டில் சும்மா கிடப்பதைத் தொட்டியில் வைத்து வளர்ப்பார்களா என்று கேட்டுக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. தொட்டி கறிவேப்பிலைக் கன்றுக்குப் போய்விட்டது. மேல்முறையீடு நிலுவையில் உள்ளது.