மூவ் ஆகாத ஃபைலும் மூவிங்கான க்ளைமாக்ஸும்

ஆங்கிலத்தின் 'மூவ்', லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த சொல். 'எமோஷ'னும் அதே குடும்பம்தான். 16-ஆம் நூற்றாண்டில் அது ஊர்க் கலவரத்தைக் குறித்தது. மனசுக்குள் குடிபுகுந்தது பிற்பாடுதான்.

தமிழ்நாட்டில் 'மூவ்'வுக்கு ஓய்வே கிடையாது. அரிசி மண்டியில் சரக்கு மூவ் ஆனால் வியாபாரம். அரசு அலுவலகத்தில் ஃபைல் மூவ் ஆனால், அது பக்கத்து மேசைக்குப் போயிருக்கிறது என்று பொருள். இரண்டடி தூரம்தான்; ஆனாலும் மனுப்போட்டவருக்குக் கண் கலங்கிவிடும். வக்கீல் முன்ஜாமீன் மூவ் பண்ணுவார். அது கிடைக்கும்வரை கட்சிக்காரர் ஊர் ஊராக மூவ் ஆகிக்கொண்டிருப்பார்.

சினிமாக்காரர்கள் பாடுதான் பாவம். ப்ரிவ்யூ பார்த்தவர்கள் "க்ளைமாக்ஸ் ரொம்ப மூவிங் சார்" என்று இயக்குநரின் கையைப் பிடித்து உருகுவார்கள். திங்கட்கிழமை தியேட்டர்காரர் போன் செய்வார்: "டிக்கெட் மூவ் ஆகலையே சார்!"

'மோஷன்' இன்னும் விவகாரமானது. 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி, நேரு அரசின்மீது மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் சொன்னால், மோஷனை மூவ் செய்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. அரசு அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இதே சொல் குரல் தாழ்த்திக் கேட்கப்படும்.

"மோஷன் ஒழுங்காப் போகுதா பெரியவரே?"

"நாலு நாளா ஒத்திவைப்புதான், டாக்டர்."