காந்தம் பிடிக்கும், ரப்பர் தாங்கும்

இந்த வாரக் கேள்விகள் எல்லாமே ஒரே பொருளைப் பற்றி: காரில் போனை நிறுத்த ஒரு காந்த ஹோல்டர். அதை நாமே செய்ய வேண்டும். வேண்டாதபோது அடையாளம் தெரியாமல் கழற்றவும் வேண்டும்.

கரூர் வாசகர்: 200 ரூபாய்க்குக் கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு மெனக்கெட வேண்டும்?

கடையில் விற்பது எல்லாக் காருக்கும் பொதுவாகச் செய்தது. உங்கள் டாஷ்போர்டின் வளைவு உங்கள் காருக்கு மட்டும் உரியது. அந்த வளைவுக்கு அளவெடுத்துச் செய்தால் ஆடாது, ஒட்டுப் பசையும் தேவைப்படாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

கால் டாக்ஸி ஓட்டுநர், சென்னை: பெரிய காந்தமாகத்தான் வாங்கினேன். நேராக இழுத்தால் வரவே மாட்டேன் என்கிறது. ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கினால் போன் சறுக்கி விழுகிறது. ஏன்?

காந்தம் போனைத் தன் பக்கம் இழுக்கிறது. போனின் எடை கீழ்ப் பக்கம் இழுக்கிறது. சறுக்காமல் தடுப்பது காந்தம் அல்ல, இரண்டு பரப்புக்கும் நடுவில் இருக்கும் உராய்வு. காந்தத்தின் மேல் பளபளப்பான நிக்கல் பூச்சு, போனில் வழுவழுப்பான தகடு. இவை இரண்டும் சேர்ந்தால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்குதான் சறுக்கலைத் தடுக்கும் என்று கணக்கு வையுங்கள். அட்டைப் பெட்டியில் 2 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் அது நேராகப் பிடித்து இழுக்கும் கணக்கு. செங்குத்தாக நிறுத்தினால் அதே காந்தம் 400 கிராமுக்கு மேல் தாங்காது. போனும் கவரும் சேர்ந்து 240 கிராம் என்றால் நின்ற காரில் கவலையில்லை. வேகத்தடையில் குலுங்கும் கணத்தில் அந்த 240 மூன்று மடங்காகி 720 கிராமாக அழுத்தினால் விழத்தானே செய்யும்?

இதற்கு மருந்து இன்னும் பெரிய காந்தம் அல்ல, ரப்பர். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். உப்புத்தாளில் தேய்த்து மெல்லியதாக்கிக் காந்தத்தின் முகத்தில் ஒட்டுங்கள். உராய்வு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். ரப்பர் தடிமனாக இருந்தால் மட்டும் காரியம் கெடும். காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இழுவிசை மளமளவென்று குறையும். அதனால்தான் தேய்க்கச் சொல்கிறேன். ஹோல்டரின் முகத்தையும் கொஞ்சம் மல்லாந்தாற்போல் சாய்த்துவிடுங்கள். எடையில் ஒரு பகுதியைச் சாய்வே ஏற்றுக்கொள்ளும்.

செய்து முடித்ததும் போனை வைத்துச் சோதிக்காதீர்கள். தகட்டில் கயிறு கட்டி, முக்கால் லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தொங்கவிட்டு ஓர் இரவு விடுங்கள். காலையிலும் சறுக்காமல் இருந்தால் போனை நம்பி ஒப்படைக்கலாம்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: போனின் பின்னால் வைக்க எவர்சில்வர் தட்டில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளலாமா?

வெட்டுவதற்கு முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நம் வீட்டு எவர்சில்வரில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டாது. பிஸ்கட் டின் மூடி நன்றாக ஒட்டும், ஆனால் மிக மெல்லியது. மெல்லிய தகடு ஓரளவு காந்தப் புலத்தைத்தான் தனக்குள் வாங்கும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் பிடிப்பு கூடாது. அரை மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகடு வேண்டும். மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் போனின் முதுகில் கோடு விழும்.

கம்ப்யூட்டர் மெக்கானிக், கோவை: கடையில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகள் குவிந்து கிடக்கின்றன. அதில் உள்ள காந்தம் உதவுமா?

உதவுமாவா? விலைக்கு வாங்கினாலும் அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். மேசைக் கம்ப்யூட்டரில் வரும் மூன்றரை அங்குல டிஸ்க்கை எடுங்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூதான் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் டி8 அளவு திறக்கும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் நெம்பாதீர்கள். ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். உள்ளே, தகவலைப் படிக்கும் கையை ஆட்டும் மூலையில், பிறை வடிவக் காந்தம் ஒன்றோ இரண்டோ, தடித்த இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும்.

தகட்டிலிருந்து காந்தத்தைப் பெயர்க்கத் தோன்றும். பெயர்க்காதீர்கள். முதுகுப் பக்கம் வீணாகப் போகும் காந்த விசையை முகத்துப் பக்கம் திருப்பிவிடுவது அந்தத் தகடுதான். போதாக்குறைக்கு அதில் ஸ்க்ரூ துளைகளும் தயாராக இருக்கும். இந்தக் காந்தத்தின் இன்னொரு சிறப்பு, ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. ஒட்டிய இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் வேகமாக வலுவிழக்கும். போனுக்குள் இருக்கும் திசைகாட்டிக்கும் கேமராவுக்கும் அது நல்லது.

துளை போட மட்டும் நினைக்காதீர்கள். நியோடிமியம் காந்தம் கண்ணாடியைப் போல உடையக்கூடியது, அதன் துகள் தீப்பிடிக்கவும் செய்யும். இரண்டு காந்தங்களை நெருங்க விட்டால் நடுவில் மாட்டிய விரல் நசுங்கும். ஒன்றை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள். இந்தக் காந்தம் கார்க்காரர்களுக்கு அந்நியமும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் இதைத் தனித்தனியே கண்டறிந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் மசாட்டோ சகாவா; இன்னொருவர் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் குரோட். அந்தக் கார் நிறுவனம் தேடியது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஏற்ற மலிவான, வலுவான காந்தத்தை.

ஆசிரியர், மதுரை: டாஷ்போர்டில் பசை படக் கூடாது, ஓட்டையும் போடக் கூடாது. நடக்கிற காரியமா?

நடக்கும். டாஷ்போர்டை உற்றுப் பாருங்கள்: ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள சட்டத்துக்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவில் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கும். அதுதான் நமக்கு ஆணி, பசை எல்லாம்.

முதலில் தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையில் மூன்று சென்டிமீட்டர் நாக்கு மாதிரி மடித்து இடுக்கில் செருகுங்கள். மீதியை டாஷ்போர்டின் வளைவோடு ஒட்டி மேலே கொண்டுவந்து, போன் நிற்க வேண்டிய கோணத்தில் வளையுங்கள். போனை அதன் மேல் பிடித்துப் பாருங்கள்: ஏசி வென்ட் மறைகிறதா, ஹசார்டு பட்டன் எட்டுகிறதா, கியர் போடும் கை இடிக்கிறதா? அட்டையில் எத்தனை முறை திருத்தினாலும் நஷ்டம் இல்லை. சரியாக வந்த பிறகு அதைத் தகடு வெட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், 20 கேஜ் இரும்புத் தகட்டில் அதே வடிவம் கேளுங்கள். இரும்புதான் வேண்டும்; அலுமினியம் வளைக்க எளிது, ஆனால் காந்தத்துக்குத் துணை நிற்காது.

விளிம்புகளை அரத்தால் தேயுங்கள். பட்டை முழுவதற்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். நாக்கு இடுக்கில் கீறாமல், இறுக்கமாக உட்காரும். காந்தம் உட்காரும் இடத்தில் மட்டும் ஸ்லீவை வெட்டி எடுத்து, இரண்டு பரப்பையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு டியூபைக் கலந்து பூசும் எப்பாக்சி பசையால் ஒட்டி ஒரு நாள் தொடாமல் வையுங்கள். உடனடியாக ஒட்டும் பசை குலுக்கலில் விரிசல் விட்டுவிடும், குளூ கன் பசை வெயிலில் இளகிவிடும். எழுந்து நிற்கும் பகுதி ஆறேழு சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நீண்டால் போன் நடுங்கும், வரைபடத்தில் எழுத்தே தெரியாது. நாக்கை ஆழமாகவும் திணிக்காதீர்கள், உள்ளே ஒயர்கள் ஓடுகின்றன.

வங்கி ஊழியர், வேலூர்: எங்கள் ஊர்க் கத்திரி வெயிலில் காந்தம் சக்தியை இழந்துவிடாதா?

சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று விற்கிறார்கள்; மிக மெல்லிய வில்லைகள் அதற்கு முன்பே கொஞ்சம் தளரும். அமெரிக்காவின் அரிசோனாவில் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய கார்களை அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், டாஷ்போர்டின் சராசரி வெப்பம் 69 டிகிரி. நிழலில் நின்றவற்றில் 48. ஆக, காந்தம் பிழைக்கும், ஆனால் விளிம்பில்தான் நிற்கிறது. புதிதாக வாங்குபவர்கள் ரக எண்ணுக்குப் பின்னால் எச் என்ற எழுத்து உள்ளதைக் கேளுங்கள், அது 120 டிகிரிக்கானது.

உண்மையில் முதலில் பாதிக்கப்படுவது போன். ஐபோனை அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது ஆப்பிள். இறங்கும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வாசகர், நாகர்கோவில்: என் காரில் அப்படி இடுக்கே இல்லை. டபுள் சைடு டேப்?

ஒட்டலாம், ஆனால் மொழுமொழுப்பான கடினப் பிளாஸ்டிக்கில் மட்டும். மெத்தென்ற, தோல் மாதிரி கோடு போட்ட டாஷ்போர்டில் டேப் நிற்காது. நின்றால் உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். விஎச்பி ரக ஃபோம் டேப் வாங்கி, இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, அழுத்தி ஒட்டுங்கள். டாஷ்போர்டு பாலிஷ் போட்டிருந்தால் முதலில் அதைப் போக்க வேண்டும். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும். ஒட்டிய அன்றே போனை மாட்டுகிறவர்கள்தான் டேப்பைத் திட்டுகிறார்கள். கழற்ற ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை டேப்புக்குள் விட்டு ரம்பம் போல இழுங்கள்.

கல்லூரி மாணவி, சேலம்: தகடு வைத்த பிறகு வயர்லெஸ் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறதே?

நடுவில் தகடு இருந்தால் ஏறாது, தகடுதான் சூடாகும். தகட்டைக் கவரின் கீழ்ப்பகுதிக்கு இறக்குங்கள், அல்லது நடுவில் காலியாக இருக்கும் வளையத் தகடு வாங்கிக் கவரின் வெளிப்புறம் ஒட்டுங்கள். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் பல மாடல்களில் காந்த வளையம் உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்குத் தகடே வேண்டாம். கேமராவுக்கு அருகில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், லென்ஸை அசைத்து ஃபோகஸ் செய்யும் பொறியும் காந்தத்தால்தான் இயங்குகிறது.

வாசகர், திருநெல்வேலி: வரைபடத்தில் அம்பு தப்பான திசையைக் காட்டுகிறது.

நிற்கும்போது திசைகாட்டியைக் காந்தம் குழப்புகிறது. இருபதடி ஓட்டுங்கள், ஜிபிஎஸ் நகர்வை வைத்துச் சரியாகிவிடும்.

வாசகர், ஈரோடு: டாஷ்போர்டின் எந்த இடம் நல்லது?

எந்த இடம் கூடாது என்பதில் தொடங்குவோம். ஏர்பேக் என்று அச்சிட்ட மூடியின் மேலோ அதன் பாதையிலோ எதுவும் இருக்கக் கூடாது. ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்கு முன் விரிந்துவிடும். அதன் முன்னால் இருக்கும் ஹோல்டர் முகத்தை நோக்கிப் பறக்கும். கண்ணாடி வழியே சாலையைப் பார்க்கும் கோட்டிலும் கூடாது. மீதி இருப்பது ஸ்டீரியோவின் ஓட்டுநர் பக்க ஓரம். கண்ணைத் திருப்பினால் போதும், தலையைத் திருப்ப வேண்டியதில்லை என்ற இடம். சட்டமும் 2020 அக்டோபர் முதல், வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டுமே அனுமதிக்கிறது, அதுவும் கவனம் சிதறாத வகையில். கையில் பிடித்துப் பேசி மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் அதில் இடமுண்டு.

வாசகி, திருச்சி: என் மாமனாருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர். முன் சீட்டில்தான் உட்காருவார்.

டாஷ்போர்டில் இருக்கும் வரை பயமில்லை. காந்தமுள்ள ஐபோனைப் பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள். நம் காந்தத்துக்கும் அதுவே குறைந்த அளவு. கழற்றிய ஹோல்டரை அவர் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்திருக்கக் கொடுக்காதீர்கள், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் மீந்துபோன சில்லறைக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொள்ளும். அது அவசர அறுவை சிகிச்சை வரை போகும்.

டெலிவரி ஊழியர், சென்னை: இதையே பைக்கில் மாட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். பைக்கின் அதிர்வுக்குக் காந்தமும் ரப்பரும் போதாது. எஞ்சின் அதிர்வு கேமராவையே கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளும் எச்சரித்தது. நான்கு மூலையையும் கவ்வும், அதிர்வைக் குறைக்கும் ரப்பர் புஷ் வைத்த ஹோல்டரை வாங்குங்கள்.