பெசன்ட் நகர் ஷட்டிலில் காற்றின் பொறுப்பு: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல் எளிது. எல்லியட்ஸ் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவிடத்தை ஒட்டிய மணலில், மாலை ஐந்து மணிக்கு மேல் ஷட்டில் ஆடுகிறவர்கள் எதனால் தோற்கிறார்கள்? களத்தில் விசாரித்தால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: காத்து. ஆனால் அது தோற்றவர் சொல்லும் பதில். ஜெயித்தவரைக் கேட்டால், அன்றைக்கு இலைகூட அசையவில்லை என்கிறார். ஒரே மணல், ஒரே நேரம், நடுவில் வலைகூடக் கிடையாது. எதிரும் புதிருமாக நிற்கும் இருவரில் ஒருவர்மேல் மட்டும் காற்று வீசும் இந்த அதிசயத்தை வானிலைத் துறை இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை.

முன்னோடி ஆய்வுகள் இல்லாத துறை என்பதால் கோல்ஃபைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. காற்றோடு மல்லுக்கட்டுவதைக் கௌரவமான காரியமாக்கியவர்கள் கோல்ஃப்காரர்கள்தான். ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில் வளர்ந்த ஆட்டம் அது. கொழும்பில் 1879இல் கிளப் தொடங்கியவர்களும் காலிமுகத் திடலில், கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆடினார்கள். சென்னைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே கோல்ஃபைக் கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதைக்கு உள்ளேயும், நந்தனத்தில் அண்ணா சாலைப் பக்கமும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கடற்காற்று பெசன்ட் நகர், அடையாறு மொட்டைமாடிகளில் காயும் புடவைகளையெல்லாம் குசலம் விசாரித்துவிட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி களைத்திருக்கும். ஆக, இந்த ஊரில் கடலோர கோல்ஃபின் நேர் வாரிசு யாரென்றால், அரைக்கால் சட்டையும் பழைய பேட்டுமாக மணலில் நிற்கும் பெசன்ட் நகர் மாமாதான்.

வாரிசு என்றாலும் சோதனை அவருக்குத்தான் கடுமை. கோல்ஃப் பந்து 45.93 கிராம் வரை இருக்கலாம். ஷட்டில் காக்கின் எடையோ 4.74 முதல் 5.50 கிராம், கல்யாண அழைப்பிதழைவிடக் குறைவு. உயரத்திலிருந்து விழவிட்டால் கோல்ஃப் பந்து விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தை எட்டக்கூடியது. ஷட்டில் சுமார் 6.8 மீட்டரோடு நின்றுவிடும், அதற்குமேல் காற்று அதை விடாது. மணிக்கு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். அதே 24 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், ஷட்டில் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் ஒரு மீட்டர் பக்கத்தில் போயிருக்கும். தலைக்கு நேரே வருகிறது என்று நம்பி பேட்டைத் தூக்கியவர், அது பக்கத்துக் குடும்பத்தின் சுண்டல் பொட்டலத்தில் இறங்குவதைக் காண்பார். இது இயற்பியல், இதில் மாமாவின் குற்றம் எதுவும் இல்லை.

அப்படிக் காற்று அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரிட்டிஷ் கடற்படையின் ஃபிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805இல் வகுத்த அளவுகோலில் நான்காம் எண் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். புழுதியும் காகிதமும் பறக்கும். நமது 24 அதன் நட்டநடுவில் விழுகிறது. ஆனால் கடற்கரையில் காகிதம் எந்நேரமும் பறப்பதால் இந்த அளவுகோல் இங்கே செல்லாது. ஆய்வாளன் பரிந்துரைப்பது வேறு: மாங்காய்க் கீற்றில் தூவிய மிளகாய்த்தூள் வாங்கியவரை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குப் போனால் மூன்று. பஜ்ஜிக் கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டு, அடுப்பைச் சுற்றி நிறுத்திய தகரத்தை இழுத்து இழுத்து வேறு பக்கம் வைத்தால் நான்கு. காலி பிளாஸ்டிக் நாற்காலி தானாக நடக்கத் தொடங்கினால் ஐந்து; ஆட்டத்தை நிறுத்திவிடலாம். யாரும் நிறுத்துவதில்லை.

திசை விஷயத்திலும் தெளிவு தேவை. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை என்று நம்மவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஊரூர் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றைப் படிப்பது பிழைப்பு. ஷட்டில்காரர்களுக்குக் காற்று இரண்டே வகை: எனக்கு எதிர்க்காற்று, உனக்குப் பின்காற்று. உண்மையில் நம் கரை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேற, மேலெழும் அனலின் இடத்தை நிரப்பக் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ உள்ளே வரும். கோடையில் மேல்காற்று முரண்டுபிடித்தால் அது வர நேரமாகும். அன்றைக்குத்தான் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும், ஊரே கடற்கரைக்கு வந்து நிற்கும். கடற்காற்று வந்துவிட்டால், கடலுக்கு முதுகு காட்டி நிற்பவருக்குப் பின்காற்று. லேசாகத் தட்டினாலே ஷட்டில் எதிராளியின் தலையைத் தாண்டி ரோட்டைப் பார்த்துப் பறந்துவிடும். கடலைப் பார்த்து நிற்பவர் ஓங்கி அடித்தாலும் அது போன வேகத்தில் திரும்பி அவர் காலடியிலேயே விழும். இரண்டு பக்கமும் புகாருக்கு இடமுண்டு என்பது இதனால் நிறுவப்படுகிறது.

களத்தில் பதிவான ஓர் உரையாடல் இதை விளக்கும். குதிகாலால் கிழித்த கோட்டுக்கு ஒரு முழம் வெளியே ஷட்டில் விழுந்தது.

“அப்பா, அது அவுட் இல்லப்பா. காத்து தள்ளிடுச்சு.”

“போன பாயிண்ட் எனக்கும் காத்துதான தள்ளிச்சு? அப்ப அவுட்டுன்னு சொன்னே?”

“அது நீ ஓங்கி அடிச்சதுப்பா!”

தகப்பனார் பேசாமல் ஷட்டிலை எடுத்து மணலைத் தட்டினார். சட்டம் தெரிந்திருந்தால் பேசியிருப்பார். கோல்ஃப் விதியில் இதற்குத் தெளிவான தீர்ப்பு இருக்கிறது: பொதுவாக, நின்ற பந்தைக் காற்று நகர்த்தினால் தண்டனை இல்லை, நகர்ந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும். அதாவது காற்று செய்ததைக் காற்றின் கணக்கிலேயே எழுதிவிட்டு ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். பெசன்ட் நகரில் அந்தக் கணக்கு எப்போதும் எதிராளியின் பெயரில்தான் எழுதப்படும்.

உலக பாட்மிண்டன் சம்மேளனமும் இந்தப் பிரச்சினையில் தலையிட்டிருக்கிறது. 2019இல் ஏர்பாட்மிண்டன் என்ற திறந்தவெளி ஆட்டத்தை அறிமுகப்படுத்தி, காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் தனி ஷட்டிலையும் கொண்டுவந்தது. நமக்கு இது புதிதா என்ன? கம்பளி நூல் பந்தை வைத்துத் திறந்தவெளியில் ஆடும் பூப்பந்தாட்டம் தஞ்சாவூர் அரண்மனையில் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆடப்பட்டதாகச் சொல்வார்கள். இரண்டுமே எல்லியட்ஸ் மணலில் வேரூன்றவில்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. காற்றுக்கு அசையாத பந்தை வைத்துக்கொண்டு தோற்றால், வீட்டுக்குப் போய் என்ன சொல்வது?

கருதுகோளை இறுதியாகச் சோதிக்க ஒரு வழிதான் பாக்கி: காற்றே இல்லாத நேரத்தில் பார்ப்பது. விடியற்காலையில் கரைக்காற்று மட்டும் மெல்ல இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. நடைப்பயிற்சிக்காரர்கள் அருகம்புல் சாறு குடிக்கும் அந்த வேளையிலும் ஷட்டில் ஆடுகிறார்கள், தோற்கிறார்கள். காரணம் கேட்டபோது ஒருவர், “சூரியன் நேரா கண்ணுல அடிக்குது சார்” என்றார். கடலிலிருந்து எழும் சூரியனைப் பார்த்து நிற்கிறார், நியாயம்தான். பக்கம் மாறி நின்று பாருங்களேன் என்று ஆய்வாளன் பணிவோடு சொன்னான். மாறி நின்றார், மறுபடி தோற்றார். பேட்டைத் திருப்பித் திருப்பி நரம்பைப் பார்த்துவிட்டு, “கட்டிங் லூஸா இருக்கு” என்றார்.

கட்டிங் பற்றிய ஆய்வு தி. நகர் விளையாட்டுச் சாமான் கடைகளில் தொடரும்.