பதின்மூன்றாவது சொல்

போன் என்பது ஒரே ஆளுடைய பொருள் என்று நம்பித்தான் அதைச் செய்கிறார்கள். நம்பட்டும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் போன் அம்மிக்கல் மாதிரி பொதுச் சொத்து. அதன் பூட்டு என் மனைவியின் கட்டைவிரலுக்குத் திறக்கும், பேரனின் சுண்டுவிரலுக்கும் திறக்கும். காலமெல்லாம் வங்கியில் நோட்டு எண்ணி ரேகை தேய்ந்துபோன என் விரலுக்கு மட்டும் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்று சொல்லும். எதிர்வீட்டு அம்மாள் கேஸ் சிலிண்டருக்கு என் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறார். ஓடிபி வந்தால் நான் மாடியிலிருந்து கத்த வேண்டும். அவர் அதை வாங்கி, வாசலில் நிற்கிற பையனிடம் இன்னும் பலமாகக் கத்துவார். ரகசிய எண் என்று அதற்குப் பெயர்.

இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டுதான், கார்த்திகை தீபத்துக்கு வந்த என் மச்சினன், தன்னுடைய பிட்காயின் முழுவதையும் போனிலேயே வைத்திருப்பதாகச் சொன்னான். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். சொத்து எவ்வளவு தேறும் என்று சாடைமாடையாக விசாரித்தேன். அந்தப் போனுக்குக் கட்ட வேண்டிய தவணை பாக்கிக்கே காணாது. ஆனால் குரலைத் தாழ்த்திய தோரணையையும் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்த வேகத்தையும் பார்த்தால் ரிசர்வ் வங்கியே அவன் சட்டைப்பையில் இருப்பதுபோல இருந்தது.

"முன்னே எக்ஸ்சேஞ்சுலதான் அத்தான் வச்சிருந்தேன். வசீர்எக்ஸ்ல அடிச்சதுக்கு அப்புறம் பயமாயிடுச்சு."

2024 ஜூலையில் நடந்தது அது. வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் பெட்டகம் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் ஒரே மூச்சில் களவு போனது. ஒருவர் கையெழுத்தில் திறக்கிற பெட்டகம் இல்லை. நிறுவனத்து ஆட்கள் மூன்று பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குமேல், காவலுக்கு வைத்திருந்த வேறொரு நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குப் பழைய ரத்தம் சூடேறியது. இது எங்கள் ஜாயின்ட் கஸ்டடி அல்லவா!

வங்கி ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம். ஒருவர் சாவியால் கதவு அசையாது. ஒருவர் லீவு போட்டால் சாவியை இன்னொரு அதிகாரியிடம் ஒப்படைத்து ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் கிளையில் ஒரு ஹெட் கேஷியர் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு கொழுந்தியாள் கல்யாணத்துக்கு மன்னார்குடி போய்விட்டார். முகூர்த்த நாள் வேறு. நகை மீட்க வந்தவர்கள் கவுன்ட்டர் முன்னால் நின்ற நிலையைச் சொல்லி மாளாது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரைக் கார் வைத்துக் கூட்டிவந்தோம். கையில் பாயசத்தோடுதான் கதவைத் திறந்தார்.

வசீர்எக்ஸில் சாவிக்காரர்கள் எல்லாரும் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். திரையில் காட்டிய பரிமாற்றம் ஒன்று, கையெழுத்து விழுந்தது வேறொன்றுக்கு என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. வவுச்சரைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் மேனேஜர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படித்துப் பார்த்துப் போட்ட பிறகு வவுச்சர் மாறிக்கொள்வது எங்கள் காலத்தில் இல்லாத முன்னேற்றம்.

"சரி, போன் காணாமப் போனா காசும் போச்சா?" என்றேன்.

"போனுக்குள்ள காசே கிடையாது அத்தான். சாவிதான் இருக்கு. காசெல்லாம் லெட்ஜர்ல. அந்த லெட்ஜருக்கு உலகம் பூரா காப்பி இருக்கு. 2009 ஜனவரியிலேருந்து நடந்த அத்தனை வரவு செலவையும் யார் வேணா பார்க்கலாம்."

"அப்ப உன் பேலன்ஸ் ஊருக்கே தெரியுமா?"

"பேலன்ஸ் தெரியும். யாரோடதுன்னு தெரியாது."

எங்கள் கிளையில் நேர் எதிர். கணக்கு யாருடையது என்று ஊருக்கே தெரியும்.

போனைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். நாம் நினைப்பதைவிட அது கெட்டியான சாமான். ஒரு செயலி அடுத்த செயலியின் அறையை எட்டிப் பார்க்க முடியாதபடி நடுவில் சுவர் வைத்திருக்கிறார்கள். பூட்டு, ரேகை சமாசாரங்களுக்குச் சில்லுக்குள்ளேயே ஒரு தனிப் பகுதி. ஆப்பிள் 2013-ல் ஐபோன் 5எஸ்ஸிலேயே அதை வைத்துவிட்டது. வீட்டு மூலையில் தூசி மண்டிக் கிடக்கும் கம்ப்யூட்டருக்கு இது எவ்வளவோ தேவலை. ஒரு குறைதான். பிட்காயின் கையெழுத்துக்கு உண்டான கணக்கு ஐபோனின் அந்தப் பகுதிக்குத் தெரியாது. ஆகவே பணம் அனுப்பும்போதெல்லாம் சாவி சற்று நேரம் வெளியே, போனின் பொது நினைவகத்துக்கு வந்துவிட்டுப் போகிறது. ஸ்ட்ராங் ரூமிலிருந்து ரொக்கம் கவுன்ட்டருக்கு வரும் அந்த ஐந்து நிமிஷம்தான் எங்களுக்கும் வயிற்றைக் கலக்கும்.

ஆனாலும் சில்லை உடைத்துத் திருடுகிற அளவுக்கு யாரும் கஷ்டப்படுவதில்லை. கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் போதும். வாட்ஸாப்பில் 'அவசியம் வரவும்' என்று ஒரு கோப்பு வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃபாகவோ இருக்க வேண்டும், இது ஏபிகே. அதாவது செயலி. தொட்டால் 'நிறுவட்டுமா' என்று கேட்கும், எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், திரையைப் பார்க்க அனுமதி கேட்கும். 2024 கடைசியில் போலீஸாரே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டார்கள். வெளிநாட்டு நிபுணர்களால் இதைப் புரிந்துகொள்ள முடியாது. யாரென்று தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்பார்கள். முகூர்த்த மாதத்தில் வந்த பத்திரிகையைத் திறக்காமல் விட்டு, நாளைக்கு அது பெரியப்பா பேத்தி கல்யாணம் என்று தெரிந்தால் என்ன பதில் சொல்வது? அந்தப் பயத்துக்கு முன்னால் பிட்காயின் எம்மாத்திரம்.

மச்சினன் வந்த காரியத்துக்கு வந்தான். போன் உடைந்தாலும் தொலைந்தாலும் காசை மீட்க 12 ஆங்கிலச் சொற்கள் உண்டு. 2013-ல் எழுதிய ஒரு விதிப்படி, 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து போனே குருட்டாம்போக்கில் பொறுக்கித் தருகிறது. (ஜப்பானிய, கொரிய, செக் மொழிகளில்கூடப் பட்டியல் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. இதற்கு இன்னும் யாரும் உண்ணாவிரதம் இருக்காதது ஆச்சரியம்.) செல்லுபடியாகும் சேர்க்கைகள் எத்தனை என்று எழுதினால் 39 இலக்கம் வரும். ஊகித்துக் கண்டுபிடிக்க இந்த ஆயுசு போதாது. ஆனால் சீட்டு கையில் கிடைத்தால் எட்டு வயசுப் பையனுக்கு இரண்டு நிமிஷம்.

"நீங்க பேங்க்ல சாவி வச்சிருந்தவர். இதையும் நீங்கதான் வச்சுக்கணும் அத்தான்."

எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. ரிட்டயர் ஆன பிறகு என்னை நம்பி யாரும் ரேஷன் கார்டைக்கூடக் கொடுத்ததில்லை.

"ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்களேன்" என்றாள் என் மனைவி, காபியோடு வந்தவள். மச்சினன் பதறிவிட்டான். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்று ஒரு திருட்டு நிரலை காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்ததாம். கூகுள் கடையிலும் ஆப்பிள் கடையிலும் வைத்திருந்த செயலிகளுக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது. கேலரியில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதிலுள்ள எழுத்தைப் படித்து, இந்த மாதிரிச் சொற்கள் தென்பட்டால் அனுப்பிவிடும். என் கேலரியைப் படிக்க வந்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ரோஜாப்பூ காலை வணக்கம், மல்லிகைப்பூ காலை வணக்கம், முருகன் காலை வணக்கம், பாட்டி வைத்தியம், ஓய்வூதியர் சங்கச் சுற்றறிக்கை. பன்னிரண்டு சொல்லைத் தேடி வந்த திருடன் சுகர் குறைய வெந்தயம் சாப்பிடக் கற்றுக்கொண்டு போயிருப்பான்.

காகிதம் என்றால் கரையான். யாரிடமும் சொல்லாமல் மனசிலேயே வைத்துக்கொண்டால்? அதற்கும் கதை இருக்கிறது. ஜெரால்டு காட்டன் என்பவர் கனடாவில் குவாட்ரிகா என்று எக்ஸ்சேஞ்ச் நடத்தினார். 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில், முப்பது வயதில் இறந்துபோனார். சாவியெல்லாம் அவரிடம் மட்டும்தான் இருந்தது என்று நிறுவனம் கையை விரித்தது. பிறகு தோண்டிப் பார்த்த ஒன்டாரியோ ஆணையம், காசில் பெரும்பகுதி அவர் உயிரோடு இருந்தபோதே கரைந்துவிட்டது, நடந்தது மோசடி என்று 2020-ல் சொன்னது. மன்னார்குடி ஹெட் கேஷியர் தெய்வம்.

கடைசியில் எஃகில் வெட்டி வைப்பது என்று முடிவாயிற்று. நெருப்புக்கும் தண்ணீருக்கும் தாங்கும் என்று இதற்காகவே எஃகுத் தகடு விற்கிறார்கள். மச்சினன் வலையில் விலையைக் காட்டினான். கும்பகோணத்துக்காரனிடம் எஃகில் எழுத்து வெட்ட ஆயிரக்கணக்கில் கேட்டால் எனக்குக் கோபம் வராதா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே பெயர் வெட்டுகிறவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு குடத்தைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, 'ர்ர்ர்' என்று துடிக்கும் மிஷினால் சீர் பாத்திரங்களுக்குத் தேதி போட்டுக்கொண்டிருந்தார். முன்கூட்டி எழுதிப் பார்ப்பதில்லை, கோடு போடுவதில்லை. கை நேராக ஓடுகிறது. உதறி உதறி விழுகிற புள்ளிகள் சேர்ந்து எழுத்தாகின்றன. ஒரு சின்னத் தட்டை வாங்கிக்கொண்டு, "மிஷினைக் குடுங்க, நானே வெட்டிக்கிறேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம வேலையில ஏதும் குறையா சார்?"

"குறையெல்லாம் இல்லை. என்ன வெட்டுறோம்னு உங்களுக்குத் தெரியக் கூடாது."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பாத்திரத்தில் இதுவரை அவர் வெட்டாத ரகசியம் என்னவாக இருக்கும் என்று யோசித்திருப்பார். கடைசியில் மிஷினைக் கொடுத்தார். பின்கட்டில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். சொல்லுக்கு முதல் நாலு எழுத்து போதும். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நாலு எழுத்து ஒன்றாக வராது. பிழைத்தேன். முழுச் சொல்லையும் வெட்டச் சொல்லியிருந்தால் தட்டு சல்லடையாகியிருக்கும். வெளியே வந்ததும் அவர் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோணலா வந்திருக்குமே" என்றார். வந்திருந்தது.

வீட்டில் மனைவி தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பேர் வெட்டுறதே பாத்திரம் வெளிய போறதாலதான். இதுல முறுக்கு வச்சு யார் வீட்டுக்காவது போயிடுச்சுன்னா?" அவள் சொன்னதில் பொருள் இருந்தது. எங்கள் தெருவில் எவர்சில்வர் எதுவும் ஒரு வீட்டில் ஒரு மாதத்துக்குமேல் தங்கியதில்லை. தட்டு லாக்கருக்குப் போவதென்று தீர்மானமாயிற்று.

ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. தட்டைப் பார்த்தவன் எவனானாலும் காசை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது ஒற்றைச் சாவி. இரண்டாவது சாவி எங்கே? மச்சினன் சற்று யோசித்துவிட்டு, "இருக்கு அத்தான். பதிமூணாவதா ஒரு சொல் சேர்த்துக்கலாம். பட்டியல்ல இருக்கணும்னு இல்லை, நம்ம இஷ்டம். தட்டு உங்ககிட்ட, சொல் வேற ஒருத்தர்கிட்ட" என்றான். அப்பாடா. இப்போதுதான் இது ஸ்ட்ராங் ரூம்.

"யார்கிட்ட?" என்று நாங்கள் இருவரும் யோசித்த நேரத்தில், என் மனைவி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள். "இது சொத்தா, சூதாட்டமா? முதல்ல அதைச் சொல்லு."

"சொத்துதான்க்கா. போன அக்டோபர்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு."

உண்மைதான். வசீர்எக்ஸ் விவகாரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு முதலீட்டாளர் போட்ட வழக்கில், கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. லாபத்தில் 30 சதவீதம் வரி என்று மத்திய அரசு 2022-லிருந்தே பிடுங்கிக்கொண்டிருக்கிறது.

"கவர்மென்ட்டுக்கு முப்பது. கூடப் பொறந்தவளுக்கு?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவன் போனை அக்காவிடம் நீட்டினான். அவள் சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு சொல்லை அடித்துவிட்டு வந்தாள்.

முதலில் ஐந்நூறு ரூபாய்க்கு மட்டும் அந்தச் சொல்லோடு உண்டான புதுக் கணக்குக்கு அனுப்பினான். அப்புறம் செயலியையே அழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து போட்டுத் திறந்து பார்த்தோம்; எந்தப் பெட்டகத்தையும் நம்புவதற்கு முன் இதைச் செய்தே ஆக வேண்டும். என் கோணல் எழுத்தை நானே வாசித்தேன். பதின்மூன்றாவதை அவள் அடித்தாள். திறந்தது. இருப்பு பூஜ்யம்.

இந்த ஏற்பாட்டின் விஷமம் இதுதான். சொல் தப்பென்றால் 'தப்பு' என்று சொல்லாது. வேறொரு காலிப் பெட்டகத்தைத் திறந்து, மரியாதையாக உள்ளே வரச் சொல்லும்.

"சரியாத்தான்டா அடிச்சேன். தமிழ் வார்த்தை, இங்கிலீஷ் எழுத்துல. நடுவுல ஒரு ழ வரும்..." என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தாள், நான் ஒட்டுக்கேட்ட மாதிரி. 'ழ'வுக்கு எல் போட்டாளா, இசட்-எச் போட்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. மறுபடி சமையலறை. எல், இரண்டு எல், இசட், இசட்-எச். உள்ளே குக்கர் விசில் அடித்தது. வெளியே மச்சினன் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டான். ஒருவழியாக ஐந்நூறு ரூபாய் திரையில் தெரிந்தது. மீதிக் காசையும் அன்று ராத்திரியே மாற்றிவிட்டான். மறுநாள் தட்டு லாக்கரில் ஏறியது. சொல் எது என்று அவனிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

இவன் வழக்கமாகப் பொங்கல் சீர் என்று ஜிபேயில் ஆயிரம் ரூபாயும் ஒரு கும்பிடு பொம்மையும் அனுப்புகிறவன். இந்த வருஷம் போகிக்கு முதல் நாளே சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைத்தார், பச்சரிசி, வெல்லம், வெண்கலப் பானை, எல்லாவற்றுக்கும் மேலே பட்டுச் சேலை. அவள் சேலையைப் பிரித்து, ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கலர் பரவால்லடா. பார்டர்தான் கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றாள். "அந்த ழ-வுக்கு என்ன போட்டேன்னு சமயத்துல மறந்து மறந்து போயிடுது, பாரேன்."

"பெரிய பார்டரா மாத்திக்கலாம்க்கா, பில் இருக்கு" என்றான் மச்சினன்.